கவலை போச்சு, ஆயில் இன்ஜின் போச்சு, மெக்கானிக்கல் போகலீங்க

காங்கேயம் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பெரிய கடுதாசி, சுருக்கி போடறேன்: "பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டா. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அவங்கப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க சொல்றாரு. எங்க அண்ணன் கோயமுத்தூர் கணபதியில லேத்து பட்டறை வெச்சு பைக் இன்ஜினுக்கு வால்வு கைடு போட்டு குடுக்கறாரு, எலக்ட்ரிக் வண்டி வந்ததுல இருந்து ஆர்டர் இறங்குதுங்கறாரு, மெக்கானிக்கல் எல்லாம் முடிஞ்சு போச்சு புள்ளைய இதுல தள்ளாதன்னு அவரே சொல்றாரு. இந்த படிப்புக்கு எதிர்காலம் இருக்குதுங்களா? பொண்ணுக்கு ஒத்து வருமா? அண்ணன் பட்டறைய என்ன பண்றது?"

அக்கா, மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன், நான் பம்ப் டிசைன்ல இருக்கறவன், எதை பாத்தாலும் தண்ணி எறைக்கற கணக்கு தான் ஓடும். அதனால இந்த பதிலும் கெணத்து மேட்டுல இருந்து தான் ஆரம்பிக்கும், பொறுத்துக்குங்க.

உங்க அண்ணன் சொல்றதுல பாதி நெசம். இன்ஜின் பார்ட்ஸ் ஆர்டர் குறையத்தான் போகுது. ஆனா அதை வெச்சு மெக்கானிக்கலே முடிஞ்சுதுன்னு சொல்றாரு பாருங்க, அங்க தான் எனக்கு ஒத்துப்போகல. உங்க தோட்டத்து கெணத்தையே எடுத்துக்குங்க. உங்க தாத்தா காலத்துல கவலை (மாடு கட்டி தண்ணி எறைக்கறது) ஓட்டியிருப்பாங்க, ரெண்டு மாடு சரிவுல எறங்கி ஏறி, தண்ணி மொள்ற சாலு மேல வந்து கொட்டும். பொறகு ஆயில் இன்ஜின். 1932ல பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சதும் கோயமுத்தூருக்கு கரண்ட்டு வந்துச்சு, பஞ்சு மில்லுங்க வரிசையா வந்துச்சு (ஸ்டேன்ஸ் மில்லு 1888லயே இருந்துச்சு, ஆனா கூட்டமா வந்தது கரண்ட்டுக்கு பொறகு தான்), அந்த மில்லு மிஷினுக்கு ரிப்பேர் பாத்து, ஒடஞ்ச பல்சக்கரத்துக்கு மாத்து ஊத்தி பழகுன கைங்க தான் அப்படியே பம்பு பக்கம் திரும்புச்சு. 1937ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கயே எலக்ட்ரிக் மோட்டார் பண்ணாங்க, இந்தியாவுலயே மொதல் மோட்டார்னு அதை தான் சொல்றாங்க.

அப்ப கவலை ஓட்டுன ஆளுக்கு வேலை போச்சா? போச்சு. சாலு தெச்சவருக்கும் கவலை உருளை செஞ்ச ஆசாரிக்கும் போச்சு. அதை மூடி மறைக்க முடியாதுங்க. ஆனா தண்ணி எறைக்கற வேலை நிக்கல, இன்னும் கஷ்டமாத்தான் ஆச்சு. எப்படின்னு சொல்றேன், இதுல தான் மெக்கானிக்கல்னா என்னன்னு இருக்குது.

கெணத்து மேட்டுல மோட்டார வெச்சு பைப்ப உள்ள விட்டு தண்ணிய உறிஞ்சறோம்ல, உண்மையில பம்பு உறிஞ்சறதே இல்ல. பம்பு உள்ளாற காத்தழுத்தத்தை குறைக்குது, வெளிய இருக்கற காத்து தான் தண்ணிய மேல தள்ளுது. காத்து எவ்வளவு தள்ளும்? எந்த பெரிய மோட்டார் போட்டாலும் சுமாரா 10 மீட்டர், அதாவது 34 அடி, அதுக்கு மேல ஒரு அடி ஏறாது. நடைமுறையில 20, 25 அடியிலயே மூச்சு வாங்கும். அதனால தான் நம்ம கெணத்துல எல்லாம் உள்ளாற ஒரு திட்டு வெட்டி மோட்டார அங்க எறக்கி வெச்சாங்க, தண்ணி எறங்க எறங்க மோட்டாரும் எறங்குச்சு. அப்பறம் கெணறு வத்தி போர் போட ஆரம்பிச்சோம், திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா பூரா போய் துளை போடுது, 1000 அடி எல்லாம் இப்ப யாரும் அதிசயமா பாக்கறதில்ல. 1000 அடி ஆழத்து தண்ணிய மேல இருந்து உறிஞ்ச முடியாது, கீழ இருந்து தள்ளத்தான் முடியும். அதுக்கு மோட்டாரே தண்ணிக்குள்ள போகோணும், ஆறு இஞ்சு குழிக்குள்ள நுழையோணும், தண்ணிய சுழட்டி தள்ளற சக்கரம், அதான் இம்பெல்லர், ஒன்னு பத்தாம ஒன்னு மேல ஒன்னா பத்து, இருவது, முப்பதுன்னு அடுக்கோணும், அத்தனை தண்ணி பாரமும் அழுத்தறதை கீழ ஒரு த்ரஸ்ட் பேரிங் தாங்கோணும், அந்த பேரிங்குக்கு ஆயிலும் கெடையாது கிரீஸும் கெடையாது, தண்ணியே தான் வழுக்கு. இது அத்தனையும் மெக்கானிக்கல் தானுங்க. கவலை போனதுனால வந்த வேலை.

ஒரு சின்ன கணக்கு, பொண்ணுக்கு பிசிக்ஸ் புடிக்கும்னா அவளையே போட சொல்லுங்க. செகண்டுக்கு ஒரு லிட்டர் தண்ணிய 1000 அடி ஆழத்துல இருந்து தூக்க, இழப்பே இல்லீனாலும் 3 கிலோவாட், அதாவது 4 ஹெச்பி. பம்பு மோட்டார் ரெண்டும் சேர்ந்து பாதி எஃபிஷியன்ஸின்னா, அதாவது இழுக்கற கரண்ட்டுல பாதி தான் வேலையா மாறுதுன்னா, 8 ஹெச்பி. அந்த பாதிய முக்கால் ஆக்குனா ஒரு ஊரோட கரண்ட்டு எவ்வளவு மிச்சம் ஆகும்னு பாருங்க. இதுல இன்னொரு சங்கதி, 1990ல இருந்து விவசாயத்துக்கு கரண்ட்டு இலவசம், அதனால தோட்டத்துக்காரரு யாரும் எஃபிஷியன்ஸி கேக்கறதில்ல, தண்ணி ஜாஸ்தி கொட்டுதா, வெலை கம்மியா, அவ்வளவு தான். எங்களை மாதிரி டிசைன் ஆளுங்களுக்கு இது பெரிய வயித்தெரிச்சல். இலவசம் தப்புன்னு சொல்ல வரல, ஆனா நல்ல பம்புக்கு மதிப்பு இல்லாம போனதுக்கு அதுவும் ஒரு காரணம். இப்ப சோலார் பம்பு வந்ததும் நெலமை மாறுது, ஏன்னா பேனலு காசு. பம்பு மட்டமா இருந்தா பேனலு அதிகமா வாங்கோணும், கணக்கு உடனே கையை கடிக்கும்.

சரி, சீமைக்கு போவோம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கோட வரலாறுன்னா ஜேம்ஸ் வாட்டு, கெண்டி மூடி துள்ளுச்சுன்னு பள்ளிக்கூடத்துல கதை சொல்லி முடிச்சுடறாங்க. உண்மையில அதுவும் தண்ணி எறைக்கற கதை தானுங்க. 1712லயே நியூகோமன்ங்கறவரு நீராவி இன்ஜின் பண்ணிட்டாரு, நிலக்கரி சொரங்கத்துல ஊறுன தண்ணிய எறைக்கறதுக்கு. ஓடுச்சு, ஆனா கரிய தின்னு தீத்துச்சு, ஏன்னா ஒவ்வொரு தடவையும் அதே சிலிண்டரை சூடு பண்ணி அதையே குளுர வெச்சுட்டு இருந்துச்சு. குளுர வெக்கறதை தனியா ஒரு பாத்திரத்துல வெச்சுக்கலாமேன்னு வாட்டுக்கு தோணுனது 1765ல, பேட்டன்ட் வாங்குனது 1769ல, ஆனா இன்ஜின் வியாபாரத்துக்கு ஓடுனது 1776ல தான். நடுவுல ஏன் இத்தனை வருசம்? சிலிண்டர் உருண்டையா கெடைக்கலீங்க. ஒரு பக்கம் பிஸ்டன் இறுகும் இன்னொரு பக்கம் ஆவி தப்பிச்சு போகும். பீரங்கி குழாய் துளைக்கறதுல கெட்டிக்காரரான ஜான் வில்கின்சன் 1775ல, ரெண்டு பக்கமும் புடிமானம் குடுத்த ஒரு கம்பியில வெட்டு கத்திய வெச்சு சிலிண்டரை துளைச்சு குடுத்தாரு, அதுக்கு பொறகு தான் வாட்டோட யோசனை உசுரு புடிச்சுது. வாட்டு பேரு லைட் பல்பு மேல எல்லாம் ஏறிப்போச்சு, வில்கின்சன் பேரு யாருக்கும் தெரியாது. உங்க அண்ணனுக்கு இந்த கதைய சொல்லுங்க, லேத்துல துளை போடறவருக்கு புடிக்கும்.

அந்த இன்ஜினை வாட்டும் அவரு பங்காளி போல்ட்டனும் எப்படி காசாக்குனாங்க தெரியுங்களா? பழைய இன்ஜினை விட எவ்வளவு கரி மிச்சமாகுதோ, அந்த மிச்சத்துல மூணுல ஒரு பங்கு எங்களுக்கு குடுங்கன்னாங்க. 250 வருசம் ஆச்சு, இப்பவும் மில்லுங்களுக்கு போய் உங்க பம்பை, கம்ப்ரஸரை மாத்தி தர்றோம், கரண்ட்டு பில்லுல மிச்சமாகறதுல பங்கு குடுங்கன்னு கேக்கற கம்பெனிங்க இருக்குது. அதே யாவாரம்.

அதுக்கப்பறம் வேகமா போகுது. மாட்ஸ்லே ஸ்க்ரூ வெட்டற லேத்தை ஒழுங்கு பண்ணாரு, 1841ல விட்வொர்த்ங்கறவரு ஸ்க்ரூ மரைக்கு ஒரே அளவு கொண்டாந்தாரு (நம்ம பட்டறைங்கள்ல பழைய ஆளுங்க விட்வொர்த் மரைன்னு இன்னும் சொல்லுவாங்க), 1847ல இங்கிலாந்துல மெக்கானிக்கல் இன்ஜினியர்களுக்குன்னு தனி சங்கம், ரயிலு ஸ்டீபன்சன் அதுக்கு மொதல் தலைவர். இங்க பாத்தா 1794ல சர்வே பள்ளிக்கூடமா ஆரம்பிச்ச கிண்டி காலேஜ்ல நூறு வருசம் கழிச்சு மெக்கானிக்கல் படிப்பு வந்துச்சு. 1905ல அமெரிக்காவுல ஒரு செருப்பு பாக்டரியில பாய்லர் வெடிச்சு 58 பேரு செத்தாங்க, அதுக்கு பொறகு தான் பாய்லருக்கு தகடு கனம் எவ்வளவு, சேஃப்டி வால்வு எப்படின்னு விதிமுறை புஸ்தகம் எழுதுனாங்க. 1952ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில நம்பரை படிச்சு தானா வெட்டற மில்லிங் மிஷினை ஓட்டி காட்டுனாங்க, இன்னைக்கு உங்க அண்ணன் பக்கத்து பட்டறையில ஓடற சி.என்.சி.க்கு அது தான் பூட்டன். அப்பவும் டர்னருங்க இனி வேலை இல்லைன்னாங்க. வேலை மாறுச்சு, கைப்புடி சுத்தறது போயி ப்ரோக்ராமும் செட்டிங்கும் ஆச்சு. மாறாதவங்களுக்கு நெசமாவே வேலை இல்லாம போச்சு, அதையும் சேத்தே சொல்லோணும்.

இப்ப எலக்ட்ரிக் வண்டிக்கு வருவோம். பிஸ்டன், வால்வு, கேம்ஷாஃப்ட், சைலன்ஸர் இதெல்லாம் அதுல இல்ல, உங்க அண்ணன் போடற வால்வு கைடும் இல்ல. பிரேக்கு, சஸ்பென்ஷன், பேரிங், ஸ்டியரிங் அப்படியே இருக்கும். புதுசா மோட்டார் ஷாஃப்ட்டு, அலுமினிய ஹவுசிங், பேட்டரிய குளுர வெக்கற தகடு, சின்ன சின்ன பம்பு வருது. பல்சக்கரம் கம்மியாகுது, ஆனா மிச்சம் இருக்கற ஒன்னு ரெண்டு பல்லை முன்ன விட நைஸா கிரைண்ட் பண்ணி தரோணும்ங்கறாங்க, ஏன்னா முன்ன எல்லாம் இன்ஜின் சத்தத்துல பல்லு சத்தம் அமுங்கி போயிரும், இப்ப இன்ஜினே இல்ல, சின்ன சிணுங்கலும் உள்ள உக்காந்திருக்கறவன் காதுல விழும். 2025 ஏப்ரல்ல சீனா காந்தத்துக்கு வேணுங்கற அரிய மண் தாதுக்களை ஏற்றுமதிக்கு கட்டுப்படுத்துச்சு, உடனே காந்தம் இல்லாத மோட்டார் பண்ண முடியுமான்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க. அது எலக்ட்ரிக்கல் ஆளுங்க சோலி மட்டும் இல்ல, மோட்டாருக்குள்ள சுத்தற ரோட்டர் தகட்டுல காந்தப்புலம் போற வழிய திருப்பற மாதிரி ஓட்டை ஓட்டையா வெட்டோணும், அதே தகடு வேகத்துல பிச்சுக்காமயும் இருக்கோணும், அது மெக்கானிக்கல் கணக்கு. கோயமுத்தூர்ல தகட்டை அச்சுல வெட்டற ஸ்டாம்பிங் அடிக்கற கை எத்தனை இருக்குது, இதுக்கு நம்மளை விட்டா யாரு.

உங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்கறாரு, அவருக்கு இதை சொல்லுங்க. இந்த ஏஐ ஓடுதே, அந்த சர்வருங்க அடுக்கியிருக்கற ஒரே ஒரு பீரோ சைஸ் ரேக்கு இப்ப 100 கிலோவாட்டுக்கு மேல இழுக்குது. 10 ஹெச்பி கெணத்து மோட்டார் பதிமூணு ஒட்டுக்கா ஓடற கரண்ட்டு. அது அத்தனையும் கடைசில சூடாத்தான் வெளிய வருது. ஃபேன் போட்டு ஆத்த முடியாது, சிப்பு மேலயே தகடு வெச்சு அதுக்குள்ள தண்ணி ஓட்டறாங்க. அந்த தண்ணிய ஒழுகாம, அடைக்காம, ராத்திரி பகலா ஓட்டறதுக்கு பம்பு வேணும், வெப்பம் கணக்கு போட ஆளு வேணும். சுத்தி சுத்தி மறுக்காவும் பம்புக்கே வந்துட்டேன்னு சிரிக்காதீங்க, நெசம் அதுதான்.

ஏஐ டிராயிங் போட்டுரும், இன்ஜினியர் எதுக்குன்னு கேப்பாங்க. டிராயிங் நல்லாவே போடுது, ப்ரோக்ராமும் எழுதுது, மொதல் ரெண்டு மூணு வருசம் பசங்க பண்ற வேலையில நெறைய அது எடுத்துக்கும்னு தான் நானும் நெனைக்கறேன். ஆனா பல்லடத்துல ஒரு போர்ல தண்ணிக்குள்ள ஓடற சப்மெர்சிபிள் மோட்டார் அடிக்கடி சுட்டு போகுதுன்னா காரணம் வோல்டேஜ் கம்மியாகி கரண்ட்டு ஏறுனதா, மணல் வந்து புஷ்ஷை தேச்சதா, தண்ணி இல்லாம ஓடுனதா, இல்ல வயரு ஜாயின்ட்டா? கழட்டி பாத்து, தேஞ்ச தடத்தை வெரல்ல தடவி, தோட்டத்துக்காரர்கிட்ட எத்தனை மணிக்கு ஆச்சுன்னு கேட்டு கண்டுபுடிக்கோணும். ரெண்டையும் சேக்கறவங்களுக்கு தான் இனி கிராக்கி. மோட்டார் இழுக்கற கரண்ட்டோட அலைய படிச்சே பேரிங் போகப்போகுதுன்னு முன்கூட்டி சொல்ல முடியும் இப்ப, அதுக்கு பேரிங்கும் தெரியோணும் கொஞ்சம் கோடிங்கும் தெரியோணும். கம்ப்யூட்டரே வேண்டாம்னு மெக்கானிக்கல் எடுக்கறான்னா மட்டும் பொண்ணை தடுங்க.

காலேஜ் விசயம். பீளமேட்டுல ஹோப் காலேஜ்னு பஸ் ஸ்டாப் இருக்குதுல்ல, அங்க அந்த பேருல காலேஜே இல்ல. 1945ல ஜி.டி.நாயுடு முயற்சியில ஆரம்பிச்ச ஆர்தர் ஹோப் காலேஜ் அது, இப்ப தடாகம் ரோட்டுல அரசு பொறியியல் கல்லூரியா இருக்குது. நாலு வருசம் எதுக்கு இழுக்கறீங்க, ரெண்டு வருசத்துல கையில தொழிலோட அனுப்பலாம்னு சண்டை போட்டு அவரு விலகிட்டாருன்னு சொல்லுவாங்க. என்னை கேட்டா அவரு சொன்னது பாதி சரி. தெர்மோடைனமிக்ஸும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் ரெண்டு வருசத்துல மண்டையில ஏறாது, ஆனா நாலு வருசத்துல ஒரு தடவை கூட மைக்ரோமீட்டரை ஒழுங்கா புடிக்காம வெளிய வர்ற பசங்களை நான் இன்டர்வியூல பாக்கறேன். அதனால கவுன்சிலிங்குக்கு முன்னாடி காலேஜ் போய் பாருங்க, பில்டிங்கை பாக்காதீங்க, வொர்க்ஷாப்பை காட்ட சொல்லுங்க. லேத்துக்கு அடியில வெட்டுன இரும்பு சுருளு கெடக்குதா, இல்ல மிஷின் மேல தூசி படிஞ்சு கெடக்குதா? பூட்டி வெச்சிருக்கோம் சாவி இல்லைன்னா அப்படியே திரும்பி வந்துருங்க. ரோபோடிக்ஸ், மெக்கட்ரானிக்ஸ்னு புதுப்பேரு வெச்ச கோர்ஸா இருந்தா சிலபஸ் வாங்கி பாருங்க, ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் தெர்மோவும் முழுசா இருந்தா சேக்கலாம், அதை சுருக்கியிருந்தா வேண்டாம்.

சம்பளம் மறைக்கல. மொத மூணு நாலு வருசம் ஐ.டி.க்கு போன தோழிய விட கம்மியாத்தான் வாங்குவா. நம்ம ஊரு மொதலாளிங்க மிஷினுக்கு கோடி போடுவாங்க, அதை ஓட்டற இன்ஜினியருக்கு அஞ்சாயிரம் ஏத்த யோசிப்பாங்க, இது கொங்கு நாட்டுக்கே உள்ள வியாதி. ஒரு சோலிய ஆழமா புடிச்சுட்டா அதுக்கப்பறம் அவங்களே தேடி வருவாங்க, ஆனா அந்த மொத வருசங்களை தாங்கற மாதிரி வீட்டு நெலமை இருக்குதான்னு நீங்க தான் யோசிக்கோணும். எஜுகேசன் லோன் பெருசா வாங்கித்தான் படிக்க வெக்கோணும்னா கெவர்மென்ட் காலேஜோ எய்டட் காலேஜோ கெடைச்சா மட்டும் போங்க.

பொண்ணுக்கு ஒத்து வருமான்னா, பாரம் தூக்கறதுக்கு கிரேன் இருக்குதுங்க, ஆம்பளைங்களும் இப்ப சும்மா தூக்கறதில்ல. டிசைன், டூலிங், சி.எம்.எம்.ங்கற அளவெடுக்கற மிஷின்ல அளவு பாக்கறது, டெஸ்டிங் எல்லாத்துலயும் பொண்ணுங்க இருக்காங்க, எங்க பம்பை ஓட்டி சோதிக்கற டெஸ்ட் பெட்டை பாத்துக்கறதே ஒரு அம்மணி தான். ஆனா சின்ன பட்டறைங்கள்ல பொம்பளைங்களுக்கு தனியா பாத்ரூம் கூட இருக்காது, ஷிப்ட்டு முடிஞ்சு வர வண்டியும் இருக்காது. வேலைக்கு சேரும்போது சம்பளத்துக்கு முன்னாடி இந்த ரெண்டையும் வாய் தொறந்து கேக்கோணும்னு இப்பவே சொல்லி குடுங்க.

கடைசியா உங்க அண்ணன். வால்வு கைடுங்கறது என்ன, ஒரு சின்ன குழாய், உள்ளோட்டை நேரா, வெளிவட்டத்தோட ஒரே மையத்துல, ஒரு முடியோட கனத்துல பாதிக்கும் கீழ வித்தியாசம் வராம இருக்கோணும். அதை லாட் லாட்டா ரிஜெக்சன் வராம போடற கை அவருக்கு இருக்குது. சப்மெர்சிபிள் பம்பு புஷ்ஷும் அதே ஜாதி தான், ஹைட்ராலிக் வால்வு ஸ்லீவும் அதே ஜாதி, கம்ப்ரஸர் பார்ட்ஸும் அப்படித்தான். ரோட்டுல ஓடற பழைய பைக்குக்கு ஸ்பேர்ஸ் இன்னும் பல வருசம் வேணும், அதனால நாளைக்கே மூட வேண்டியதில்ல, ஆனா புது மிஷினுக்கு லோன் போடறதுக்கு முன்னாடி பம்பு கம்பெனி ஒன்னு, ஹைட்ராலிக்ஸ் கம்பெனி ஒன்னுல டிராயிங் வாங்கி சாம்பிள் போட்டு குடுக்க சொல்லுங்க, அவரு இருக்கற மிஷின்லயே முடியும். அந்த சாம்பிளை அளக்கற வேலைய இந்த லீவுல உங்க பொண்ணுகிட்ட குடுக்க சொல்லுங்க, உள்ளோட்டைய அளக்கற போர் கேஜும் மைக்ரோமீட்டரும் குடுத்து ரீடிங் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி எந்த மணிக்கு அளவு நகருது, டூல் எப்ப தேயுதுன்னு பாக்கட்டும். கவுன்சிலிங் தேதிக்குள்ள அவளுக்கு இது புடிக்குதா இல்லையான்னு அவளே சொல்லிருவா.